பட்டினி கிடந்தால் செல் தன்னையே தின்று நோயைக் கரைக்குமா? மடை திறக்கும் மரபணுக்களின் கதை!

தேவாரத்தில் மேற்கே மலையைப் பார்த்துப் போகும் தோட்டங்களில் ஏதாவது ஒன்றில் மக்காச்சோளம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே குருத்து பச்சைப்பசேல். அடியில் இருக்கும் வயசான இலைகள் மட்டும் நுனியில் ஆரம்பித்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகி வருகின்றன. தோட்டக்காரர் இதற்காக யாரையும் போனில் கூப்பிட மாட்டார். "தழைச்சத்து பத்தல" என்பார். அடுத்த தண்ணிக்கு யூரியா வைப்பார். அவ்வளவுதான்.

ஏன் அடி இலை மட்டும் மஞ்சளாகிறது? மண்ணில் தழைச்சத்து இல்லையென்றால் செடி முழுக்க ஒரே மாதிரி அல்லவா வெளுக்க வேண்டும்?

காரணம் இதுதான். வெளியிலிருந்து வரத்து குறைந்ததும் செடி தன் கிழட்டு இலைகளைத் தானே உடைக்க ஆரம்பிக்கிறது. இலையின் செல்களுக்குள் இருக்கும் புரதங்களைப் பிரித்து, அதிலிருக்கும் தழைச்சத்தை உருவி, மேலே வளரும் குருத்துக்கும் கதிருக்கும் அனுப்புகிறது. அந்தப் பிரித்தெடுக்கும் வேலையில் பெரும்பங்கு ஒரு செல் இயந்திரத்துக்கு உண்டு. அதன் பெயர் ஆட்டோஃபேஜி. கிரேக்க மொழியில் 'தன்னையே உண்ணுதல்'.

ஆமாம், வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதே ஆட்டோஃபேஜிதான்.

'ஜப்பான் விஞ்ஞானி சொல்லிட்டாரு!'

ஒரு ஃபார்வேர்டு பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வார்த்தைகள் மாறும், சாரம் மாறாது. 'பட்டினி கிடந்தால் உடம்பு தன்னிடம் உள்ள நோயுற்ற செல்களைத் தானே தின்றுவிடும். புற்றுநோய் கரையும், சர்க்கரை ஓடிப்போகும். இதைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு!' கடைசியில் நாலு கும்பிடு எமோஜி.

அதன் பிறகு நடப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

"ஏம்ப்பா, காலையில மாத்திரை போடலையா?"

"இன்னைக்கு விரதம்டா பாப்பா. சாப்பிடாதப்ப எதுக்கு மாத்திரை? ரெண்டு நாள் வயித்தைக் காயப்போட்டா உள்ள இருக்கற கழிசடையெல்லாம் உடம்பே தின்னுபுடுமாம். நோபல் பரிசே குடுத்துருக்காங்க."

"யாரு சொன்னா?"

"மாமா அனுப்பிருக்காரு."

மாமா அனுப்பிய செய்தியில் ஒன்று உண்மை. நோபல் பரிசு கொடுத்தார்கள். 2016-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குப் போனது. வேறு யாருடனும் பங்கு இல்லாமல், அவர் ஒருவருக்கே. ஆனால் அந்தப் பரிசு விரத முறை எதற்கும் கொடுக்கப்பட்டதல்ல. அவர் பட்டினி போட்டது மனிதர்களையும் அல்ல. ஈஸ்ட்டை! பேக்கரியில் பன்னையும் பிரெட்டையும் உப்பவைக்கிறதே, அதே ஈஸ்ட்டை.

43 வயதில் சொந்த ஆய்வகம்

ஆட்டோஃபேஜி என்ற சொல் ஓசுமிக்கும் முந்தியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ் 1950-களில் செல்லுக்குள் லைசோசோம் என்ற பையைக் கண்டுபிடித்தார். உள்ளே அமிலமும் சுமார் 60 வகை செரிமான நொதிகளும் நிறைந்த குட்டிப் பை. செல்லின் வயிறு என்று சொல்லலாம். செல் தன் சொந்த உதிரிபாகங்களையே ஒரு சவ்வில் சுற்றி இந்த வயிற்றுக்கு அனுப்புவதைப் பார்த்து, 1963-ல் அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். 1974-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

அதோடு விஷயம் ஏறக்குறைய 30 ஆண்டுகள் தூங்கியது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடிந்ததே தவிர, எந்த மரபணு இதை நடத்துகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

ஓசுமி 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 43. ஆய்வு உலகத்தில் அது தாமதம்தான். அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட் செல்லின் குப்பைக்கிடங்கு போல் கருதப்பட்ட வாக்யுவோல் என்ற பகுதியை. நம் லைசோசோமுக்கு ஈஸ்ட்டில் இருக்கும் பங்காளி அது.

அவருடைய யோசனை எளிமையானது. கிடங்குக்குள் போகும் பொருள் உடனே செரித்துவிடுவதால்தானே கண்ணுக்குத் தெரியவில்லை? செரிக்கும் நொதிகளே இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டால்? போட்டார். சில மணி நேரத்தில் வாக்யுவோல் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள் வந்து நிரம்பித் துள்ளிக்கொண்டிருந்தன. உள்ளே வந்த சரக்கு செரிக்காமல் தேங்கி நிற்பதை ஒரு சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பார்க்க முடிந்தது.

பிறகு ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளில் மரபணுக்களைச் சிதைத்து, எதில் இந்த உருண்டைகள் வரவில்லை என்று தேடினார்கள். 1993-ல் 15 மரபணுக்களின் பட்டியல் வெளியானது. இன்று ஏ.டி.ஜி என்று பெயர் சூட்டி 40-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஈஸ்ட்டில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் முக்கியமானவை மக்காச்சோளத்திலும் உண்டு, எலியிலும் உண்டு, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடமும் உண்டு.

நீங்கள் தின்பது 70 கிராம், உடம்பு கட்டுவது 200 கிராம்

இது பட்டினிக் காலத்து ஏற்பாடு மட்டும் அல்ல. ஒரு மனிதர் தினமும் சாப்பிடும் புரதம் சுமார் 70 கிராம். ஆனால் உடம்பு ஒரு நாளில் புதிதாகக் கட்டும் புரதம் 200 முதல் 300 கிராம். மீதி எங்கிருந்து வருகிறது? பழைய புரதங்களை உடைத்த சரக்கிலிருந்துதான். பழைய வீட்டைப் பிரித்து, ஓட்டையும் உத்திரத்தையும் புது வீட்டுக்குப் பயன்படுத்துவது போல. சிறு புரதங்களை ஒவ்வொன்றாக நறுக்க புரோட்டியசோம் என்று தனியாக ஓர் இயந்திரம் உண்டு. பெரிய சாமான்கள், பழுதான மைட்டோகாண்ட்ரியா, கட்டிதட்டிப்போன புரதக் குவியல் இவையெல்லாம் ஆட்டோஃபேஜியின் கணக்கு.

அதாவது, இப்போது வயிறு நிறைய மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் உங்கள் செல்களில் அது மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கிறது. 'பட்டினி கிடந்தால்தான் ஆட்டோஃபேஜி ஆரம்பிக்கும்' என்ற முதல் வரியே இடறுகிறது.

சரி, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இங்கேதான் மரபணுக்கள் வருகின்றன.

மண்வெட்டியும் அரசாணையும்

தேவாரம், போடி பக்கத்தில் 18-ம் கால்வாயைத் தெரியாதவர்கள் குறைவு. லோயர் கேம்ப்பில் தொடங்கி மலையடிவாரமாக வரும் அந்தக் கால்வாயில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் வருடாந்தர வேலை. அங்கே இரண்டு விதமான 'திறப்பு' உண்டு. தோட்டத்துக்குள் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மடையை மாற்றுவது முதல் வகை. மண்வெட்டி இருந்தால் ஒரு நிமிட வேலை. கால்வாயின் மதகைத் திறப்பது இரண்டாம் வகை. அதற்கு நீர்மட்டம் பார்க்க வேண்டும், அரசாணை வர வேண்டும், நேரம் பிடிக்கும். வந்துவிட்டால் ஒரே நேரத்தில் பல கண்மாய்களுக்குப் போகும்.

செல்லிலும் இப்படி இரண்டு வேகம்.

லைசோசோமின் மேல் எம்டார் என்ற புரதக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. செல்லுக்குள் அமினோ அமிலம் இருக்கிறதா, சாப்பாட்டு வரத்து எப்படி என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. வரத்து நன்றாக இருந்தால் எம்டார் விழித்திருக்கும். ஆட்டோஃபேஜியைத் தொடங்கிவைக்கும் யுஎல்கே1 என்ற புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட் முத்திரையைக் குத்தி அதை முடக்கி வைக்கும். வரத்து நின்றால் முத்திரை விலகும், யுஎல்கே1 வேலையைத் தொடங்கும். இது நிமிடக் கணக்கில் நடப்பது. மண்வெட்டி வேலை.

ஆனால், பட்டினி தொடர்ந்தால் இருக்கிற சாமான் போதாது. கூடுதல் லைசோசோம் வேண்டும், கூடுதல் நொதி வேண்டும், சரக்கைச் சுற்றக் கூடுதல் சவ்வு வேண்டும். இவற்றையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் செல்லின் நியூக்ளியஸுக்குள் இருக்கும் மரபணுக்களைத் திறக்க வேண்டும். அந்த அரசாணையைக் கையில் வைத்திருப்பவர் டிஎஃப்இபி என்ற புரதம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆண்ட்ரியா பல்லாபியோவின் குழு 2009-ல் கண்டது இது. லைசோசோம் தொடர்பான மரபணுக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, பலவற்றின் வாசலில் ஒரே மாதிரி பத்து எழுத்துகள் எழுதியிருந்தன: ஜி, டி, சி, ஏ, சி, ஜி, டி, ஜி, ஏ, சி. டிஎன்ஏவின் நாலு எழுத்து மொழியில் அதுதான் அந்த வீட்டு எண்.

இந்தப் பத்து எழுத்தில் ஓர் அழகு உண்டு. தமிழில் 'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் விகடகவிதான். டிஎன்ஏவில் ஒரு இழைக்கு எதிரே இன்னொரு இழை ஜோடியாக ஓடும். ஏ-வுக்கு எதிரே டி, சி-க்கு எதிரே ஜி. மேலே சொன்ன எழுத்துகளுக்கு எதிர் இழையில் ஜோடி எழுத்துகளைப் போட்டு, அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துப் பாருங்கள். அதே பத்து எழுத்து வரும்! பேப்பரில் எழுதிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். டிஎஃப்இபி இரண்டு இரண்டாகச் சேர்ந்து வந்து டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதம். இரண்டு கைக்கும் ஒரே மாதிரிப் பிடி கிடைக்க இப்படி ஒரு விகடகவி வசதிதானே?

இந்த வாசலில் டிஎஃப்இபி வந்து உட்கார்ந்தால் அந்த மரபணு விழிக்கும். 2011-ல் அதே குழு அடுத்த படியைக் காட்டியது: லைசோசோம் மரபணுக்கள் மட்டுமல்ல, ஆட்டோஃபேஜி மரபணுக்களும் இதே புரதத்தின் அதிகாரத்தில்தான் இருக்கின்றன. வயிறையும் வாயையும் ஒரே ஆளே திறக்கிறார்.

சாப்பாடு இருக்கும்போது டிஎஃப்இபி எங்கே? அதன் மேலும் எம்டார் முத்திரை குத்தியிருக்கும். முத்திரை குத்திய டிஎஃப்இபியை இன்னொரு புரதம் பிடித்து நியூக்ளியஸுக்கு வெளியிலேயே உட்காரவைத்துவிடும். வரத்து நின்றதும் லைசோசோமிலிருந்து கொஞ்சம் கால்சியம் கசியும்; அது ஒரு நொதியை எழுப்ப, அந்த நொதி வந்து முத்திரையை அழிக்கும். டிஎஃப்இபி உள்ளே போகும். போனதும் அது திறக்கும் மரபணுக்களில் ஒன்று எது தெரியுமா? தன்னையே தயாரிக்கும் மரபணு! ஆணை கொண்டுவந்தவர் போகிற போக்கில் தனக்கு நாலு உதவியாளரையும் நியமித்துக்கொள்கிறார்.

கல்லீரலில் ஒரு தனிக் கணக்கு

கல்லீரல் இன்னும் நுணுக்கமானது. 2014-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக எழுதிய கட்டுரைகள் வந்தன. விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். நாம் சாப்பிட்டதும் பித்தநீர் சுரக்கிறது அல்லவா? அந்தப் பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற புரதம் கல்லீரல் செல்லின் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, ஆட்டோஃபேஜி மரபணுக்களை மூடுகிறது. சாப்பிடாமல் இருக்கும்போது பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற வேறொரு புரதம் அதே வாசல்களுக்கு வந்து அவற்றைத் திறக்கிறது. இரண்டுக்கும் ஒரே நாற்காலி. பசி வந்தால் ஒருவர், பந்தி முடிந்தால் இன்னொருவர்.

இந்த இரண்டு ஆய்வுகளும் எலிகளில் நடந்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

பிறந்த குழந்தையின் முதல் பட்டினி

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும், ரம்ஜானுக்கு ஒரு மாதம் நோன்பு நோற்பவர்களும், ராயப்பன்பட்டி பக்கம் தவக்காலத்தில் ஒருவேளை விடுபவர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் பள்ளத்தாக்கு இது. ஆனால் மனிதர் எல்லோரும் சாதி மதம் பார்க்காமல் இருந்த முதல் விரதம் ஒன்று உண்டு. தொப்புள்கொடி அறுந்ததிலிருந்து தாய்ப்பால் சரியாக இறங்கும் வரையிலான நேரம்.

வயிற்றுக்குள் இருக்கும் வரை நச்சுக்கொடி வழியாக ஊட்டம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. வெட்டிய அந்த நொடியில் வரத்து நிற்கிறது. டோக்கியோவில் நொபோரு மிசுஷிமாவின் குழு 2004-ல் இதை எலிக்குட்டிகளில் பார்த்தது. பிறந்த கையோடு குட்டிகளின் இதயத்திலும் தசையிலும் ஆட்டோஃபேஜி சட்டென்று எகிறுகிறது, ஓரிரு நாளில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஏடிஜி5 என்ற ஒரே ஒரு மரபணு இல்லாத குட்டிகளைப் பார்த்தார்கள். அவை பிறக்கும்போது பெரும்பாலும் சாதாரணமாகவே இருந்தன. ஆனால் ஒரு நாளைக்குள் இறந்தன.

சுத்தம் செய்யாத வீட்டில் என்ன நடக்கும்?

2006-ல் ஜப்பானில் இருந்தே இன்னும் இரண்டு ஆய்வுகள் வந்தன. மூளை நரம்பு செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்திய எலிகள். அவை பட்டினி இல்லை, நன்றாகச் சாப்பிட்டன. ஆனாலும் நரம்பு செல்களுக்குள் புரதக் குப்பை சேர்ந்தது, நடை தடுமாறியது, செல்கள் மடிந்தன. தோல் செல் உதிர்ந்து புதிது வரும். நரம்பு செல்லுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளேயே பெருக்கித் துடைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஓட்ட வேண்டும்.

பார்க்கின்சன், அல்சைமர் ஆய்வாளர்கள் ஆட்டோஃபேஜியின் பின்னால் ஓடுவது இதனால்தான். நம் பக்கத்திலும் அந்த ஓட்டம் உண்டு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதாயாவின் ஆய்வகம் முழுநேரமும் ஆட்டோஃபேஜியைத்தான் படிக்கிறது. அவர்களுக்கும் ஈஸ்ட்தான் முதல் சோதனைக்கூடம். பார்க்கின்சன் நோயில் கட்டிதட்டும் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதத்தை ஈஸ்ட்டுக்குள் சேரவிட்டு, எந்தச் சிறு மூலக்கூறு அதைக் கரைக்கிறது என்று தேடினார்கள். 6-பயோ என்ற ஒன்று, எம்டாரைத் தணித்து ஆட்டோஃபேஜியைக் கூட்டி, எலிகளின் மூளை நரம்பு செல்களைக் காப்பாற்றியதாக 2017-ல் எழுதினார்கள். இது மருந்துக்கடைக்கு வரவில்லை. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதையில் பாதிவழியில் நின்றுபோன மூலக்கூறுகள் ஏராளம் என்பதால், ஆய்வாளர்களே இதில் அவசரப்படுவதில்லை. அவசரமெல்லாம் ஃபார்வேர்டு செய்பவர்களுக்குத்தான்.

ஐ.ஐ.டி கான்பூரில் பேராசிரியர் சுப்பிரமணியம் கணேஷ் பல ஆண்டுகளாகத் துரத்துவது லஃபோரா என்ற அபூர்வ நோயை. ஸ்பெயின் மருத்துவர் கொன்சாலோ லஃபோரா 1911-ல் விவரித்தது. நன்றாகப் படித்து ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பதின்பருவத்தில் திடீரென்று வலிப்பு வரும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், ஞாபகம் மங்கும். பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குள் உயிரே போய்விடும். லஃபோரின், மாலின் என்ற இரண்டு புரதங்களில் ஏதாவது ஒன்றின் மரபணு பழுதாவதுதான் காரணம். அந்தப் புரதங்கள் இல்லாத எலிகளின் மூளையில் ஆட்டோஃபேஜி பாதையும் லைசோசோம் பாதையும் சீர்கெட்டிருப்பதை கணேஷின் குழு 2012-ல் காட்டியது.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கும் இருக்கிறது. லஃபோரா வர, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர வேண்டும். இருவரும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதி வைத்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தால் நாலில் ஒரு பங்கு. அபூர்வமான பழுது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமைய, சொந்தத்துக்குள் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட பரம்பரை நோய் இருந்திருந்தால், சீர்வரிசை பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

அப்படியானால் புற்றுநோய் கரையுமா?

இங்கேதான் ஃபார்வேர்டு வெறும் தவறு என்பதைத் தாண்டி ஆபத்தாகிறது.

புற்றுநோய் ஆரம்பிக்கும் முன் ஆட்டோஃபேஜி ஒரு காவல்காரர். பழுதான பாகங்களை அகற்றி, செல் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கட்டி ஒருமுறை வளர்ந்துவிட்டால் கதை மாறும். கட்டியின் உள்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு, சாப்பாடும் குறைவு. அந்தப் பஞ்சத்தில் உயிர்பிழைக்கப் புற்று செல் கையில் எடுக்கும் ஆயுதமும் இதே ஆட்டோஃபேஜிதான். கணையப் புற்று செல்கள் இதை நம்பியே வாழ்வதாக 2011-ல் ஆய்வுகள் காட்டின. அதனால்தான் புற்றுநோய் சிகிச்சையில் ஆட்டோஃபேஜியைக் கூட்டுவதற்குப் பதிலாக *நிறுத்துவதற்கு* மருந்து தேடுகிறார்கள். மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் லைசோசோமின் அமிலத்தைக் குறைக்கும் என்பதால், அதைப் புற்று நோயாளிகளிடம் பரிசோதித்துப் பார்த்தார்கள்.

கீமோ எடுத்துக்கொண்டு ஏற்கெனவே எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'பட்டினி கிட, கரைந்துவிடும்' என்று சொல்வது எப்படிப்பட்ட யோசனை என்று இப்போது தெரியும்.

காசநோயிலும் இதே முரண் இருக்கிறது. காசநோய்க் கிருமி நம் வெள்ளை அணுவுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும். ஆட்டோஃபேஜியைக் கூட்டினால் அந்த அணு கிருமியைப் பிடித்து லைசோசோமுக்குள் தள்ளிவிடும் என்று 2004-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதைக்கொண்டு 'அப்போ பட்டினி கிடந்தா டி.பி. போயிடும்' என்று யாராவது கிளம்பலாம். நடைமுறை நேர் எதிர். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு, சத்துமாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு இருந்த ஆய்வு அது. 2023-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: நன்றாகச் சாப்பிட்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. வயிறு நிறைந்ததுதான் காப்பாற்றியது. கிண்ணத்தில் வளர்க்கும் செல் வேறு, ஊரில் வாழும் உடம்பு வேறு.

'16 மணி நேரத்தில் ஆரம்பம், 48-ல் உச்சம்'

இப்படி மணி நேரம் போட்டு வரும் அட்டவணைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கேள்வி: அதை எப்படி அளந்தார்கள்? உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் ஈரலிலோ மூளையிலோ ஆட்டோஃபேஜி எவ்வளவு நடக்கிறது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் எந்த லேபிலும் கிடையாது. அந்த மணிக்கணக்கில் பெரும்பகுதி எலியிலிருந்து ஊகித்தது. எலியின் உடல் ஓட்டம் வேறு. ஒரே நாள் பட்டினியில் அது தன் எடையில் கணிசமாக இழந்துவிடும். நாம் ஒருநாள் ஏகாதசி இருந்தால் அப்படியா இளைத்துவிடுகிறோம்?

திராட்சைக்கும் இதே கதை. கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் ஆய்வகச் செல்களில் ஆட்டோஃபேஜியைத் தூண்டும். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது ருசிக்கும் மண்ணுக்கும். அந்த ஆய்வுகளில் ஊற்றிய அளவு ரெஸ்வெரட்ரால் வேண்டுமென்றால் கூடை கூடையாகத் தின்ன வேண்டியிருக்கும். சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் படங்கள் சொல்வதில்லை. பட்டினியின்போது செல் 'நோயுற்ற பாகத்தை மட்டும்' தேடித் தின்னும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தசையில் ஃபாக்ஸோ3 என்ற புரதம் ஆட்டோஃபேஜி மரபணுக்களையும், தசையைக் கரைக்கும் மரபணுக்களையும் சேர்த்தே திறக்கிறது என்று 2007-லேயே காட்டிவிட்டார்கள். 30 வயதில் இழந்த தசை திரும்ப வரும். 65 வயதில் அது அவ்வளவு எளிதல்ல. மாடிப்படி ஏற, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க அந்தத் தசைதான் வேண்டும்.

விரதமே கூடாது என்பதா? இல்லை. உடம்பு நன்றாக இருப்பவர் ஒருவேளை விடுவதிலோ, இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடிப்பதிலோ பயப்பட ஒன்றுமில்லை. எடை குறையவும் அது சிலருக்கு உதவுகிறது. சிக்கல் மாத்திரையில் இருக்கிறது. க்ளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் அதை மட்டும் எடுத்துக்கொண்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். மேலே பார்த்த அப்பாவைப் போல மாத்திரையைத் தானாக நிறுத்தினால், சில நாளில் அது எகிறும். ரம்ஜானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் அதே வழி பொருந்தும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், காசநோய்க்கோ புற்றுக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் நீண்ட பட்டினியைத் தொடவே வேண்டாம்.

விரதத்தின் நடுவில் கை நடுங்குவது, குப்பென்று வியர்ப்பது, படபடப்பு, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் அது 'கழிவு வெளியேறும் அறிகுறி' அல்ல. சர்க்கரை இறங்குகிறது. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.